கூட்டு வரிப் படிவமும் மனைவியின் கையொப்பமும்

வளைகுடா நாடுகளில் உழைத்த எமது சமூகத்தவர்களுக்கு வருமான வரி விபரத்திரட்டு என்பது பழக்கமில்லாத விடயம். ரியாதிலும் டோஹாவிலும் துபாயிலும் மாதம் முடியச் சம்பளம் முழுதாகக் கைக்கு வரும். ஒரு பகுதி ஊருக்கு அனுப்பப்படும். மீதி அங்கேயே செலவாகும். அதற்கிடையில் அரசாங்கத்துக்குக் கணக்குக் காட்டும் வேலை எதுவுமில்லை. ஓமான் மாத்திரம் 2025 இல் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்து, வருடத்துக்கு 42,000 ரியாலுக்கு மேல் வருமானம் உள்ளவர்களிடம் 2028 முதல் 5 சதவீதம் அறவிடப்படும் என்று அறிவித்திருக்கின்றது. அதுவும் எமது சாரதிக்கோ கடைச் சிப்பந்திக்கோ எட்டாத தொகைதான்.

இப்படிப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள்தான் இன்று பொறியியலாளர்களாகவும் கணினித் துறையினராகவும் ஆய்வு மாணவர்களாகவும் அமெரிக்காவுக்குச் செல்கின்றனர். வாப்பா இருபது வருடம் ஜித்தாவில் இருந்தும் பார்த்திராத ஒரு படிவத்தை மகன் முதல் வருடத்திலேயே நிரப்ப வேண்டியிருக்கின்றது. அவன் திருமணம் முடித்தவனாக இருந்தால் விடயம் இன்னும் சிக்கலாகின்றது. ஏனெனில் அமெரிக்க வரிச் சட்டம் கணவனையும் மனைவியையும் ஒரே மடிசீலையாகப் பார்க்கின்றது. குடிவரவுச் சட்டமோ ஒருவரை உழைக்க அனுமதிக்கப்பட்டவராகவும் மற்றவரை அவருடன் வந்தவராகவும் பிரித்து வைக்கின்றது. இந்த இரண்டு சட்டங்களும் சந்திக்கும் இடம் மனைவியின் கையொப்பம். அந்தக் கையொப்பத்தை எமது குடும்பங்கள் மிக மலிவாக எடுத்துக்கொள்கின்றன என்பதே இக்கட்டுரையின் முறைப்பாடு.

முதலில் அந்தச் சட்டத்தின் போக்கைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

எமது நாட்டில் கணவனும் மனைவியும் வரியைப் பொறுத்தவரை இரு தனி மனிதர்கள். அவரவர் வருமானத்துக்கு அவரவர் விபரத்திரட்டு. 2025 ஏப்ரலில் இருந்து வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா என்ற வரி நிவாரணமும் ஆளுக்கு ஆள் தனித்தனியே. பிரித்தானியாவும் 1990 ஏப்ரலில் இந்த வழிக்கு வந்துவிட்டது. அதற்கு முன்னர் அங்கு மனைவியின் வருமானம் கணவனின் வருமானமாகவே கணிக்கப்பட்டது. அமெரிக்கா 1948 இல் வேறொரு வழியைத் தெரிவுசெய்தது. தம்பதியர் இருவரும் சேர்ந்து ஒரே விபரத்திரட்டைச் சமர்ப்பித்தால் இருவரின் வருமானமும் கூட்டப்பட்டு, இரண்டாகப் பிரித்தது போன்ற வரி வீதங்கள் அதற்குப் பிரயோகிக்கப்படும். ஒருவர் மாத்திரம் உழைக்கும் குடும்பத்துக்கு இது பெரிய அனுகூலம்.

எவ்வளவு அனுகூலம் என்பதை ஒரு கணக்கில் காட்டலாம். எச்-1பி விசாவில் வேலை செய்யும் கணவனின் 2025 ஆம் ஆண்டுச் சம்பளம் 95,000 டொலர், எச்-4 விசாவில் உள்ள மனைவிக்கு வருமானம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். கணவன் தனியாக விபரத்திரட்டைச் சமர்ப்பித்தால் அவருக்குக் கிடைக்கும் பொதுக் கழிப்பனவு 15,750 டொலர். சமஷ்டி வரி ஏறத்தாழ 12,350 டொலர். இருவரும் சேர்ந்து சமர்ப்பித்தால் கழிப்பனவு 31,500 டொலர். வரி ஏறத்தாழ 7,150 டொலர். வித்தியாசம் 5,200 டொலர். டொலரை 300 ரூபா என்று கொண்டால் பதினைந்து இலட்சத்துக்கும் மேல். கணவனின் சம்பளம் ஒரு சதமேனும் கூடவில்லை. மனைவியின் பெயரும் கையொப்பமும் சேர்ந்ததனால் மட்டும் மிஞ்சிய பணம் இது. இதை நமது ஆண்கள் 'எனக்கு வரி திரும்பி வந்தது' என்று சொல்வதைத்தான் கேட்கின்றோம்.

ஆனால் எல்லோருக்கும் இந்தக் கதவு திறந்திருப்பதில்லை. அமெரிக்க வரிச் சட்டத்தில் வெளிநாட்டவர் இரு வகை. வதிபவர், வதியாதவர். கிறீன் கார்ட் இல்லாதவர்களுக்கு இது நாட்களை எண்ணித் தீர்மானிக்கப்படுகின்றது. நடப்பு வருடத்தில் குறைந்தது 31 நாட்கள் அங்கிருந்திருக்க வேண்டும். நடப்பு வருட நாட்கள் முழுவதும், முந்திய வருட நாட்களில் மூன்றில் ஒரு பங்கும், அதற்கு முந்திய வருட நாட்களில் ஆறில் ஒரு பங்கும் கூட்டப்பட்டு 183 ஐத் தொட வேண்டும். மூன்று வருடமும் 120 நாட்கள் வீதம் இருந்த ஒருவருக்குக் கூட்டுத்தொகை 180 தான் வரும். அவர் வதியாதவர். எச்-1பி, எச்-4 விசாக்காரர்களின் நாட்கள் எண்ணப்படும். எப்-1 மாணவர்களினதும் அவர்களோடு எப்-2 விசாவில் இருக்கும் மனைவிமாரினதும் நாட்கள் பொதுவாக ஐந்து கலண்டர் வருடங்களுக்கு எண்ணப்படுவதில்லை.

ஆகவே மனைவியுடன் சென்று கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கும் மாணவர் நான்கு வருடம் அங்கேயே குடியிருந்தாலும் வரிச் சட்டத்தின் கண்ணில் வதியாதவர்தான். அவருக்குரியது 1040-என்ஆர் படிவம். அதில் இணைந்த விபரத்திரட்டும் இல்லை, பொதுக் கழிப்பனவும் இல்லை. வருமானமே இல்லாத எப்-2 மனைவிகூட 8843 என்ற சிறு படிவத்தை அனுப்ப வேண்டும். இது தெரியாமல், நண்பன் சொன்ன மென்பொருளில் சாதாரண 1040 படிவத்தை நிரப்பி, தமக்கு உரித்தில்லாத கழிப்பனவையும் கல்விக்கான வரி வரவையும் பெற்றுக்கொள்ளும் மாணவர்கள் அநேகர். பணம் வங்கிக்கு வந்துவிட்டால் எல்லாம் சரி என்ற நினைப்பு. இறைவரிச் சேவை முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பின்னர்தான் கேள்வி கேட்கும். கேள்வி வரும் காலத்தில் அந்த மாணவர் எச்-1பி விசாவுக்கோ கிறீன் கார்டுக்கோ விண்ணப்பித்துக்கொண்டிருப்பார்.

இனி எமது ஊர்களில் ஒவ்வொரு டிசம்பரிலும் நடக்கும் ஒரு விடயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் வேலை செய்யும் மாப்பிள்ளைக்கு விடுமுறை கிடைப்பது வருடக் கடைசியில். மாவனல்லையிலோ அக்குறணையிலோ டிசம்பர் 28 ஆம் திகதி நிக்காஹ். ஜனவரி முதல் வாரத்தில் மாப்பிள்ளை திரும்பிவிடுவார். பெண்ணுக்கு விசா கிடைக்கச் சில மாதங்களாகும். ஏப்ரலில் அவர் விபரத்திரட்டை நிரப்பும்போது, போன வருடம் முழுவதும் தனி ஆளாகத்தானே இருந்தோம் என்று நினைத்து 'தனியர்' என்ற கட்டத்தில் அடையாளமிடுகின்றார். இது பிழை. டிசம்பர் 31 ஆம் திகதியன்று ஒருவர் திருமணமானவரா இல்லையா என்பதே அந்த வருடம் முழுவதற்குமான நிலை. நான்கு நாள் மாப்பிள்ளையும் அந்த வருடம் பூராவும் திருமணமானவரே. மனைவி வேறு நாட்டில் இருப்பது இதனை மாற்றாது. மனைவிக்கு விசா எடுக்கும்போது திருமணச் சான்றிதழைக் கொடுத்து, வரிப் படிவத்தில் திருமணமாகாதவர் என்று எழுதிக் கொடுத்தால் இரண்டு அரச கோவைகளில் இரண்டு கதைகள் இருக்கும். பின்னொரு நாள் கிறீன் கார்ட் நேர்முகத்தில் இரண்டும் ஒரே மேசைக்கு வரலாம்.

அவருக்கு உள்ள வழிகள் இரண்டு. ஒன்று, திருமணமானவர் தனியாகச் சமர்ப்பித்தல். மற்றது, இலங்கையில் இருக்கும் மனைவியை வரிக்காக மட்டும் அமெரிக்காவில் வதிபவராகக் கருதும்படி இருவரும் கையொப்பமிட்ட கூற்றொன்றை இணைத்து, சேர்ந்து சமர்ப்பித்தல். கணவன் வருட முடிவில் வதிபவராக இருந்தால் இதனைச் சட்டம் அனுமதிக்கின்றது. டிசம்பர் கடைசியில் நிக்காஹ் நடந்திருந்தாலும், மேலே சொன்ன ஐயாயிரம் டொலர் அனுகூலம் அந்த முழு வருடத்துக்கும் கிடைக்கும். ஆகையால் இந்த வழியை விபரம் தெரிந்த நண்பர்கள் எல்லோருக்கும் சிபாரிசு செய்கின்றனர்.

சிபாரிசு செய்பவர்கள் பாதியைத்தான் சொல்கின்றனர். மீதிப் பாதி இது. அந்தக் கூற்றில் கையொப்பமிட்டால், அது பொருந்தும் வரி வருடத்தின் ஆரம்பத்திலிருந்தே மனைவியின் உலகளாவிய வருமானமும் அமெரிக்காவின் கணக்குக்குள் வந்துவிடுகின்றது. கல்முனையில் ஆசிரியையாக அவர் பெறும் சம்பளம், வங்கியில் உள்ள நிலையான வைப்பின் வட்டி, வட்டியில்லா வங்கியின் முழாரபா கணக்கில் கிடைக்கும் இலாபப் பங்கு, பங்குகளின் பங்கிலாபம், வீட்டு வாடகை எல்லாமே எழுதப்பட வேண்டும். வட்டி என்று பெயரில்லாததனால் முழாரபா இலாபத்தை எழுதத் தேவையில்லை என்று எண்ணுவோர் உண்டு. இறைவரிச் சேவைக்கு அந்த வேறுபாடு இல்லை, வருமானம் வருமானம்தான். அந்தத் தெரிவு ஒரு வருடத்தோடு முடிவதுமில்லை. முறைப்படி இரத்துச் செய்யும் வரையோ, மரணம் அல்லது சட்டப்படியான பிரிவு வரையோ தொடரும். ஒருமுறை முடிந்தால் அதே தம்பதியர் மீண்டும் அதனைப் பெற முடியாது.

மாதம் ஒரு இலட்சம் ரூபா சம்பளம் பெறும் ஆசிரியைக்கு இது பெரிய சுமையல்ல. வருடத்துக்கு 4,000 டொலர் அளவில் கூடுகின்றது. மேற்சொன்ன உதாரணத்தில் அதற்கான வரி 12 சதவீதப்படி 480 டொலர். அதைக் கழித்தாலும் 4,700 டொலர் மிச்சம். ஆனால் கிழக்கு மாகாணத்தில் கதை வேறாக அமையலாம். அங்கு பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். காத்தான்குடியில் வாப்பா முப்பது வருடத்துக்கு முன்னர் சொற்பத் தொகைக்கு வாங்கிய வளவில் கட்டி, மகளின் பேருக்கு எழுதிக் கொடுத்த வீடு, இன்று கோடிக்கணக்கில் பெறுமதியானது. மகளும் கணவனோடு அமெரிக்கா போய்விட, வீடு பல வருடம் வாடகைக்கு விடப்பட்டு, பின்னர் விற்கப்படுகின்றது என்று வையுங்கள். நன்கொடையாகக் கிடைத்த சொத்துக்கு அமெரிக்கச் சட்டம் கொடுத்தவரின் பழைய கிரயத்தையே அடிப்படையாக எடுக்கும். அதாவது வாப்பா செலவழித்த தொகைக்கும் இன்றைய விலைக்கும் உள்ள இடைவெளி முழுவதும் மூலதன இலாபம். வாப்பா மௌத்தான பின்னர் வாரிசுரிமையாகக் கிடைத்திருந்தால் பொதுவாக மரண நாளின் பெறுமதியே அடிப்படையாகும், வரி பெருமளவு குறைந்திருக்கும். உறுதி எழுதிய நொத்தாரிசுக்கோ, எழுதிக் கொடுத்த வாப்பாவுக்கோ இதெல்லாம் எப்படித் தெரியும்? இணைந்த விபரத்திரட்டில் கையொப்பமிடும் முன்னர் மகளுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இலங்கையில் செலுத்திய வருமான வரியை அமெரிக்க வரியில் வரவாகக் கழித்துக்கொள்ளலாம் என்பது உண்மை. இரு நாடுகளுக்கும் இடையில் இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கையும் உண்டு. 1985 மார்ச்சில் கொழும்பில் கைச்சாத்தாகி, 2002 இல் திருத்த ஏற்பாடொன்று சேர்க்கப்பட்டு, 2004 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை அது. பத்தொன்பது வருடம் அலமாரியில் இருந்த கடதாசி! ஆனால் இலங்கையில் வரியே செலுத்தாத வருமானத்துக்குக் கழிப்பதற்கு வரவும் இருக்காது. 18 இலட்சம் நிவாரணத்துக்குள் அடங்கும் வருமானம் இங்கு வரியற்றது, அங்கு வரிக்குரியது.

வரியைவிடக் கடுமையானது வங்கிக் கணக்குகள் பற்றிய அறிவித்தல். நாட்களின் எண்ணிக்கையால் வதிபவராகிவிட்ட ஒருவரின் வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாவற்றிலும் சேர்த்து வருடத்தில் ஏதேனும் ஒரு நாளிலாவது 10,000 டொலருக்கு மேல் இருந்திருந்தால், வரிப் படிவத்துக்குப் புறம்பாக இன்னுமோர் அறிக்கையைத் திறைசேரிக்கு அனுப்ப வேண்டும். 10,000 டொலர் என்பது 30 இலட்சம் ரூபா. உம்மாவோடு சேர்ந்து வைத்திருக்கும் கணக்கும் இதில் அடங்கும். வாப்பாவின் கடைக் கணக்கில் காசோலையில் கையொப்பமிடும் அதிகாரம் மட்டும் உள்ள மகனுக்கும் அந்தக் கணக்கை அறிவிக்கும் கடமை உண்டு. அதில் ஒரு ரூபாவும் அவனுடையதாக இல்லாவிட்டாலும் சரி. வேண்டுமென்றே செய்யாத தவறுக்கும் சட்டத்தில் 10,000 டொலர் வரை தண்டப்பணம் விதிக்க இடமுண்டு. அந்த உச்ச எல்லை பணவீக்கத்துக்கேற்ப உயர்த்தப்பட்டும் வருகின்றது. இந்தத் தண்டம் கணக்கு ஒவ்வொன்றுக்குமா, அறிக்கை ஒவ்வொன்றுக்குமா என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. பிட்னர் என்ற ருமேனிய அமெரிக்க வர்த்தகரிடம் ஐந்து வருடங்களுக்காக 27 இலட்சம் டொலருக்கு மேல் கோரப்பட்டிருந்தது. அறிக்கைக்கு ஒன்று என்று 2023 பெப்ரவரியில் தீர்ப்பு வந்ததும் அது 50,000 டொலராகக் குறைந்தது. ஊரிலிருந்து மாமனார் வீடு வாங்குவதற்காக 100,000 டொலருக்கு மேல் அன்பளிப்பாக அனுப்பினாலும் அப்படித்தான். வரி இல்லை, ஆனால் அறிவிக்காவிட்டால் தண்டம் உண்டு.

கையொப்பத்தின் பாரத்துக்கு இப்போது வருகின்றேன். இணைந்த விபரத்திரட்டில் ஒப்பமிடும் இருவரும் முழு வரிக்கும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பாளிகள். பாதிக்குப் பாதி அல்ல. கணவன் பங்குச் சந்தையிலோ மின்னணு நாணயத்திலோ பெற்ற இலாபத்தை மறைத்திருந்தால், அல்லது படிவம் நிரப்பிக் கொடுத்தவர் இல்லாத செலவுகளை எழுதியிருந்தால், வரியையும் வட்டியையும் தண்டத்தையும் முழுதாக மனைவியிடமிருந்து அறவிடச் சட்டம் இடமளிக்கின்றது. அவர் ஒரு நாளும் வேலைக்குப் போகாதவர் என்பது பதிலாகாது. பின்னர் தலாக்கோ பஸ்ஹோ நடந்து அவர் ஊருக்குத் திரும்பி வந்தாலும், சேர்ந்து ஒப்பமிட்ட வருடங்களின் கடன் அவருடைய பெயரிலும் நிற்கும். கணவனே கட்ட வேண்டும் என்று விவாகரத்துத் தீர்ப்பில் எழுதியிருந்தாலும் அது இறைவரிச் சேவையைக் கட்டுப்படுத்தாது. குற்றமறியாத துணைக்கான நிவாரணம் என்று ஒன்றுண்டு. 8857 என்ற படிவம். கணவனின் தவறை அறியவில்லை, அறியக் காரணமும் இருக்கவில்லை என்று அவர் நிரூபிக்க வேண்டும். பொதுவாக, அறவிடும் நடவடிக்கை தொடங்கி இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பழைய முகவரிக்குப் போன கடிதத்தைக் கல்ஹின்னையில் இருக்கும் பெண் எப்படிக் காண்பார்?

எமது வீடுகளில் இது நடக்கும் விதம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஏப்ரல் 14 இரவு, பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது, 'இதில ஒரு ஒப்பம் வைங்க, நாளைக்குக் கடைசி நாள்' என்று தாள் நீட்டப்படும். இப்போது தாளும் இல்லை. கணினியில் இலக்கமொன்றைத் தட்டினால் மனைவியின் ஒப்பமும் போய்விடும். அவரிடம் கேட்டுத் தட்டுகின்றார்களா என்பதை யார் கண்டது? மனைவி பட்டதாரியாக, சிலவேளை கணக்கீட்டுப் பட்டதாரியாகவே இருப்பார். இங்கு வங்கியில் கடன் கோவைகளைப் பரிசீலித்தவர் அங்கு தன் பெயரிலுள்ள படிவத்தை வாசிப்பதில்லை. கணவன்மார் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானோர் நேர்மையாகவே எழுதுகின்றனர். ஆனால் நம்பிக்கை வேறு, வாசித்து ஒப்பமிடுவது வேறு. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளும்படி கட்டளை பெற்ற சமூகத்துக்கு இது புதிதாகச் சொல்ல வேண்டிய விடயமுமல்ல.

எச்-4 விசாவில் உள்ள பெண்ணின் நிலைமையை இதனோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். 2015 மே மாதத்தில் வந்த விதியொன்று, கிறீன் கார்ட் வரிசையில் குறித்ததோர் கட்டத்தை எட்டிய எச்-1பிகாரர்களின் துணைவருக்கு வேலை அனுமதி பெற வழி செய்தது. மற்றவர்களுக்கு வேலையும் இல்லை, சமூகப் பாதுகாப்பு இலக்கமும் இல்லை. வரிக்காக மட்டும் ஐடிஐஎன் என்ற ஒன்பது இலக்க எண் ஒன்று கொடுக்கப்படும். அந்த எண்ணுக்காகவே அவர்கள் பட்ட பாட்டை 2020 இல் கண்டோம். கொரோனா நிவாரணமாக ஆளுக்கு 1,200 டொலர் கொடுக்கப்பட்டபோது, இணைந்த விபரத்திரட்டில் மனைவியிடம் இருந்தது ஐடிஐஎன் என்ற காரணத்தினால், முறையாக வரி கட்டிய கணவனுக்கும் அது மறுக்கப்பட்டது. தனியாகச் சமர்ப்பித்தவருக்குக் கிடைத்தது. அந்த அநீதி அதே வருடம் டிசம்பரில் வந்த சட்டத்தினால் திருத்தப்பட்டது. பிள்ளைகள் விடயத்திலும் இதே பாகுபாடு உண்டு. 2025 ஆம் வருடத்துக்கு ஹூஸ்டனில் பிறந்த தம்பிக்கு 2,200 டொலர் வரை வரி வரவு, கண்டியில் பிறந்து ஐடிஐஎன் வைத்திருக்கும் தாத்தாவுக்கு 500 டொலர். ஒரே வீடு, ஒரே பீங்கான்.

கணவனின் சம்பளத்திலிருந்து 6.2 சதவீதம் சமூகப் பாதுகாப்புக்கும் 1.45 சதவீதம் மருத்துவக் காப்பீட்டுக்கும் கழிக்கப்படுவது தனிக் கதை. ஓய்வூதிய உரிமைக்குப் பொதுவாகப் பத்து வருட உழைப்புத் தேவை. எச்-1பி சாதாரணமாக ஆறு வருடம். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இது பற்றிய உடன்படிக்கை எதுவுமில்லை. ஆறாம் வருடத்தில் நாடு திரும்பும் குடும்பம் அந்தப் பணத்தை அங்கேயே விட்டுவிட்டு வருகின்றது. எமது வெளிநாட்டமைச்சு பேச வேண்டிய விடயம் இது. ஆனால் இதற்காக எவரும் குரல் கொடுத்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் இணைந்த விபரத்திரட்டு வேண்டாமா? நான் அப்படிச் சொல்ல வரவில்லை. ஒரே உழைப்பாளி உள்ள குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே இலாபம். ஐயாயிரம் டொலரை வீணே விட்டுக்கொடுக்கச் சொல்வது எந்த வர்த்தகப் பத்திக்கும் அழகல்ல. நான் கேட்பது, இரண்டு விதமாகவும் கணக்கிட்டு இருவரும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்பதையே. மனைவிக்கு ஊரில் என்னென்ன இருக்கின்றன என்பதை அவரே எழுதித் தர வேண்டும். மிஞ்சும் தொகையில் அவருக்கும் பங்குண்டு என்பதைக் கணவன் வாயால் சொல்லவும் வேண்டும். கணவனின் கணக்கில் மனைவிக்குச் சந்தேகம் இருந்தால் தனியாகச் சமர்ப்பிப்பதே பாதுகாப்பு. அதற்காகக் கட்டும் கூடுதல் வரியை நான் வீண் செலவாகக் கருத மாட்டேன். டெக்சாஸ், கலிபோர்னியா உட்பட ஒன்பது மாநிலங்களில் தம்பதியர் உழைப்பது இருவருக்கும் பொது என்ற சட்டம் இருப்பதால், அங்கு தனித்தனியாகச் சமர்ப்பிப்பவர்கள் கணக்காளர் ஒருவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

கணக்காளரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பணம் வாங்கிக்கொண்டு படிவம் நிரப்புபவர் அதில் தனது பதிவிலக்கத்தை எழுதி ஒப்பமிட வேண்டும் என்பது சட்டம். ஒப்பமிட மறுப்பவரிடமும், திரும்பி வரும் பணத்தில் இத்தனை வீதம் தா என்பவரிடமும் போகாதீர்கள். அவர் நம்மூர்க்காரராக இருந்தாலும், பள்ளியில் ஒரே சஃபில் நிற்பவராக இருந்தாலும் சரியே. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் தொண்டர் நிலையங்களை இறைவரிச் சேவையே பல நகரங்களில் ஆதரித்து நடத்துகின்றது. எமது சங்கங்கள் நோன்புப் பெருநாள் ஒன்றுகூடலுக்கு மண்டபம் எடுப்பதைப் போல பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மண்டபம் எடுத்து, ஒரு வரி ஆலோசகரை அழைத்து, பெண்களையும் முன்வரிசையில் இருத்தினால் எத்தனையோ குடும்பங்களுக்குப் பிரயோசனமாகும்.

டிசம்பர் மாப்பிள்ளைகளுக்கு ஒரு நடைமுறை விடயம். மனைவிக்கு ஐடிஐஎன் எடுக்க டபிள்யூ-7 படிவத்தோடு அசல் கடவுச்சீட்டையோ, அதனை வழங்கிய நிறுவனம் உறுதிப்படுத்திய பிரதியையோ டெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்டின் நகருக்கு அனுப்ப வேண்டும். சட்டத்தரணி உறுதிப்படுத்திய பிரதி செல்லாது. கடவுச்சீட்டு அங்கே கிடக்க, கொழும்பிலுள்ள தூதரகத்தில் விசா நேர்முகத்துக்குத் திகதி வந்தால் என்ன செய்வது? அவசரப்பட வேண்டியதில்லை. ஏப்ரல் 15 இற்குள் 'திருமணமானவர், தனியாக' என்று சமர்ப்பித்துவிட்டு, மனைவி வந்து சேர்ந்த பின்னர் அங்குள்ள இறைவரிச் சேவை அலுவலகமொன்றில் கடவுச்சீட்டைக் காட்டி உறுதிப்படுத்தி, திருத்திய விபரத்திரட்டின் மூலம் இணைந்ததாக மாற்றிக்கொள்ளலாம். பொதுவாக மூன்று வருட அவகாசம் உண்டு. மறுபக்கம் அப்படியல்ல. சேர்ந்து சமர்ப்பித்ததை இறுதித் திகதி கடந்த பின்னர் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. இருவரும் இன்னும் யோசிக்க வேண்டியிருந்தால் தனியாகச் சமர்ப்பித்துவிட்டு யோசிப்பதே புத்தி.

ஏற்கெனவே ஒப்பமிட்டு வருடங்கள் கடந்துவிட்ட சகோதரிகளுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இணைந்த விபரத்திரட்டில் என்ன எழுதப்பட்டது என்பதன் சாராம்சத்தைத் தம்பதியரில் எவரும் இறைவரிச் சேவையிடம் இலவசமாகப் பெறலாம். 4506-டி என்ற படிவத்தை நிரப்பி அனுப்பினால் போதுமானது. கணவனின் கையொப்பம் அதற்குத் தேவையில்லை.